எரிகிறதே, போதாதா?

சென்ற கிழமை இப்பகுதிக்கு வந்த கடிதங்களுள் ஒன்றை இரண்டு முறை வாசித்தேன். எழுதியவர் ஒரு தாயார். பதினொராம் வகுப்பிற் படிக்கும் தம் மகன் கைச்செலவுப் பணத்தைச் சேர்த்து ஒரு சிறிய மின்பலகையை வாங்கியிருக்கிறான் என்றும், இரவு நெடுநேரம் கண்விழித்து, நிறநிறமான சிறு விளக்குகளை அதிற் செருகி, அவை கண்சிமிட்டும் அழகைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றும் எழுதியிருக்கிறார். "இதனால் அவனை மின்சாரம் தாக்குமா? கடைக்காரர் விளக்குகளோடு ஒரு பொட்டலத்திற் கட்டிக் கொடுத்த, நிறக்கோடுகள் போட்ட சிறிய உருளைகளை அவன் பயன்படுத்துவதே இல்லை. ஏன் என்று கேட்டால், 'அவை இல்லாமலே எரிகிறதே அம்மா, போதாதா?' என்கிறான். எனக்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை." இதுவே கடிதத்தின் சாரம்.

முதற் கேள்விக்கு விடை எளிது. அத்தகைய பலகை 5 வோல்ற்றில் இயங்குவது. கணினியிலிருந்தோ, கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் கருவியிலிருந்தோ அதற்கு மின் கிடைக்கிறது. ஐந்து வோல்ற்று, உலர்ந்த கையிற் பட்டால் பட்டதாகவே தெரியாது. ஆகையால் பையன் விழித்திருப்பது பற்றி அம்மையார் கவலைப்படலாமேயன்றி, மின்சாரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால், சிறு விளக்குகள் சலித்துப்போன ஒரு நாளில், சுவரிலுள்ள 230 வோல்ற்று மின்குமிழையே இப்பலகையால் ஏற்றி அணைக்க அவனுக்கு ஆசை பிறக்கும். அந்த ஆசையை மட்டும், அறிந்த ஒருவர் பக்கத்தில் நில்லாதவரை, தயங்காது தடுத்துவிடுங்கள்.

இரண்டாவது கேள்வி அவ்வளவு எளிதன்று. "எரிகிறதே, போதாதா?" என்ற அதே சொல்லை ஒருமுறை நானும் சொல்லியிருக்கிறேன். மாணவன் சொல்லவில்லை, பட்டம் பெற்றுப் பல்லாண்டு பௌதிகம் கற்பித்த நான் சொன்னேன். அதன் விளைவை ஒளிக்காமற் சொல்லுவதே அத்தாயாருக்கு நான் எழுதக்கூடிய நேர்மையான மறுமொழி என்று தோன்றுகிறது.

அதற்கு முன் அப்பலகையைச் சற்று அறிந்துகொள்வோம். பலகையின் நடுவே கறுப்பாக இருக்கும் சில்லுக்கு நுண்கட்டுப்படுத்தி என்று பெயர். ஒரு முழுக் கணினியைச் சுருக்கி விரல்நுனி அளவாக்கியது போன்றது அது. துணி துவைக்கும் இயந்திரத்திலும், மின்சாரச் சோற்றுப் பானையிலும், தொலைக்காட்சிக்கு முன்னே நாம் நீட்டும் கைக்கருவியிலும் இதன் உறவினர்களே இருந்து வேலை செய்கின்றன. மாணவர் கையில் இன்று அதிகம் காணப்படுவது ஆர்டுயினோ என்னும் பலகை. இத்தாலி நாட்டின் வடக்கே இவ்ரியா என்னும் ஊரில், மின்னியல் கல்லாத வடிவமைப்பு மாணவரும் பயன்படுத்தத்தக்கதாக ஒன்று வேண்டும் என்று சில ஆசிரியர்கள் 2005 இல் தொடங்கிய முயற்சி அது. ஆசிரியர்கள் மாலையிற் கூடிய மதுக்கடையின் பெயரே பலகைக்கு வந்தது. அக்கடைக்கோ பதினொராம் நூற்றாண்டு அரசன் ஒருவன் பெயர். அரசன் பெயர் மதுக்கடை வழியாக நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது!

இப்பலகையின் இரு ஓரங்களிலும் வரிசையாகத் துளைகள் உண்டு. ஒவ்வொன்றும் சில்லின் ஒரு காலோடு தொடர்புடையது. 'பின்' என்று பையன்கள் சொல்லும் இதனை நாம் முனை என்போம். செய்நிரலில் "ஒன்பதாம் முனையை உயர்த்து" என்று எழுதினால் அம்முனையில் 5 வோல்ற்று தோன்றும். "தாழ்த்து" என்று எழுதினால் பூச்சியமாகும். முனைக்குத் தெரிந்த மொழி இந்த இரண்டு சொல்லே.

மொழி பேசுவது வேறு, சுமை தூக்குவது வேறு. இதைத்தான் பலர் மறந்துவிடுகின்றோம். கச்சேரியில் இருக்கும் அதிகாரி ஒரு துண்டுக் காகிதத்திற் கையெழுத்திட்டால் நூறு மூட்டை அரிசி இடம்பெயரும். அதற்காக அந்த அதிகாரியின் முதுகில் ஒரு மூட்டையை ஏற்றிப் பார்ப்பவர் உண்டா? முனை கையெழுத்திடும் அதிகாரியைப் போன்றது. ஒரு சிறு பையைத் தூக்கச் சொன்னால் முகஞ்சுளிக்காமல் தூக்கும், அவ்வளவே. 2010 இல் வந்து உலகெங்கும் பரவிய ஊனோ என்னும் பலகையில் உள்ள சில்லை எடுத்துக்கொள்வோம். அதன் தரவுத்தாளில் ஒரு முனைக்கு 40 மில்லியம்பியர் என்று எழுதப்பட்டிருக்கிறது. இதை வாசித்த மாணவர் பலர், நாற்பது வரை கொடுக்கும் என்று மகிழ்ந்து விடுகின்றனர். அவ்வெண் எழுதப்பட்டிருக்கும் அட்டவணையின் தலைப்பை அவர்கள் வாசிப்பதில்லை. கடந்தால் நிலையான சேதம் நேரக்கூடிய எல்லைகளின் அட்டவணை அது. பாலத்தின் முகப்பில் எழுதியிருக்கும் நிறையை நாள்தோறும் ஏற்றிச் செல்லவேண்டிய நிறை என்று கொள்வாருண்டோ? முனையின் நடத்தைக்கு அச்சில்லைச் செய்தோர் கணக்குக் காட்டுவது 20 மில்லியம்பியரில். அன்றியும், எல்லா முனைகளும் சேர்ந்து சில்லினூடாகச் செல்லும் மின்னோட்டத்துக்கு 200 மில்லியம்பியர் என்று வேறோர் எல்லையும் உண்டு. பத்து விளக்கை இருபது இருபதாக ஏற்றினால், முனை ஒவ்வொன்றும் தன் அளவுக்குள் நிற்க, சில்லு முழுவதும் விளிம்பில் நிற்கும்.

இனி விளக்கு. எல்.ஈ.டி. என்று கடைகளிற் கேட்டு வாங்கும் இதற்குப் பாடப்புத்தகப் பெயர் ஒளிகாலும் இருவாயி. கண்ணுக்குத் தெரியும் சிவப்பொளி தரும் இருவாயியை 1962 இல் அமெரிக்காவில் நிக் ஹொலொன்யாக் செய்து காட்டினார். நல்ல நீலம் கிடைக்க மேலும் முப்பது ஆண்டு சென்றது. நீலத்தைக் கண்ட ஜப்பானிய அறிஞர் அக்கசாக்கி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014 இல் நோபல் பரிசு கிடைத்ததை வாசகர்கள் நினைவு வைத்திருக்கலாம். இன்று வீட்டுக்கு வீடு எரியும் வெள்ளை விளக்கு அந்த நீலத்தின் பிள்ளையே.

பழைய ரோச் லைற்றின் குமிழை நாம் பற்றரியோடு நேரே தொட்டு எரித்திருக்கிறோம். ஒன்றும் நேராது. ஏனெனில் அதன் உள்ளேயிருக்கும் இழை சூடேறச் சூடேறத் தன் தடையையும் கூட்டிக்கொள்ளும். தனக்கு எவ்வளவு வேண்டும் என்பதை அறிந்து, அதற்கு மேல் வேண்டாம் என்று கையமர்த்தும் விருந்தாளி அது. இருவாயிக்கு அக்குணம் இல்லை. வன்னிப் பகுதியிற் பெரிய குளமொன்று மழைக்காலத்தில் நிரம்புவதைப் பார்த்தவர்களுக்கு இதன் இயல்பு உடனே விளங்கும். நீர்மட்டம் வானின் விளிம்புக்குக் கீழே நிற்கும்வரை ஒரு துளியும் வெளியே போகாது. விளிம்பைத் தாண்டிய பின்னரோ, மட்டம் ஒவ்வோர் அங்குலம் உயரவும் வான் பாயும் வெள்ளம் மடங்கு மடங்காகப் பெருகும். சிவப்பு விளக்கின் விளிம்பு ஏறக்குறைய 2 வோல்ற்று. நீலத்துக்கும் வெள்ளைக்கும் ஏறக்குறைய 3 வோல்ற்று. அதற்குமேல் ஒரு வோல்ற்றின் பத்திலொரு பங்கு கூடினாலும் மின்னோட்டம் பெருமளவு ஏறிவிடும். விளக்குச் சூடேறினால் இவ்விளிம்பே சற்றுத் தாழ்ந்துவிடும். அப்போது இன்னும் அதிகம் பாயும். வேண்டாம் என்று சொல்லத் தெரியாத விருந்தாளி இது.

ஆகவே முனையின் 5 வோல்ற்றுக்கும் விளக்கின் 2 வோல்ற்றுக்கும் இடையே மிஞ்சிநிற்கும் 3 வோல்ற்றை யாரேனும் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதை ஏற்றுக்கொள்வதற்கே அத்தாயார் குறிப்பிட்ட நிறக்கோட்டு உருளை. அதன் பெயர் தடையி. கணக்கு மிக எளிது. ஓமின் விதியைப் படித்த எந்தப் பிள்ளைக்கும் வரும். மிஞ்சிய 3 வோல்ற்றை 330 ஓமாற் பிரித்தால் 9 மில்லியம்பியர். 220 ஓமாயின் ஏறக்குறைய 14. 1000 ஓம் போட்டால் 3 தான். இக்காலத்து விளக்குகளுக்கு அதுவும் ஓர் அறையினுள் கண்ணுக்கு நன்றாகத் தெரியப் போதும். செம்மஞ்சள், செம்மஞ்சள், மண்ணிறம் என்று மூன்று கோடு இருந்தால் 330. ஒரு கைப்பிடி வாங்கி வைத்தால் ஒரு பையனின் பள்ளிக்காலம் முழுதுக்கும் போதும். விலை கேட்டால் கடைக்காரரே சிரிப்பார்.

அப்படியாயின் தடையி இல்லாமல் எப்படி எரிகிறது? இங்கேதான் பொறி இருக்கிறது. முனையின் உள்ளே ஏற்றவும் இறக்கவும் இருக்கும் நுண்ணிய திரான்சிற்றர்களுக்குத் தமக்கென்று இருபத்தைந்து ஓம் அளவிலான தடை உண்டு. வெளியே தடையி இல்லாதபோது, அந்தத் தடையே தன் தலையை நீட்டி மிஞ்சிய மூன்று வோல்ற்றையும் சுமக்கிறது. கணக்குப் போட்டால் நூறு மில்லியம்பியருக்கு மேல் வரும். திரான்சிற்றர் அவ்வளவை விடாது. தானே ஓரிடத்தில் நின்றுவிடும். ஆயினும் நாற்பது என்ற எல்லையை எளிதிற் கடந்துவிடும். விளக்குப் பளிச்சென்று எரிகிறது. பையன் கைகொட்டுகிறான். உள்ளே ஓர் அதிகாரி மூட்டை சுமந்துகொண்டிருக்கிறார். சில பலகைகள் இவ்வாறு பல நாள் தாங்கும். சில ஆண்டுக்கணக்காகவும் தாங்கியிருக்கின்றன. தொட்டவுடன் கருகிவிட்டால் எவரும் இரண்டாம் முறை செய்யார். கருகாததனாலே பலர் செய்கின்றனர்.

இப்பொழுது என் கதை.

சென்ற ஆண்டு எங்கள் பாடசாலையில் விஞ்ஞானக் கண்காட்சி. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள். உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் புகையிரதக் கடவை ஒன்றின் மாதிரியைச் செய்திருந்தான். அவனுடைய ஊரில் காவலற்ற கடவை ஒன்று உண்டு. 1990 இல் நின்றுபோன புகையிரதம் 2014 இல் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் வந்தபோது அவன் சிறு குழந்தை. தண்டவாளம் இல்லாத பாதையில் நடந்து பழகிய பெரியவர்கள், தண்டவாளம் வந்த பின்பும் அதே பழக்கத்திற் கடந்தார்கள் என்று அவன் தன் விளக்க அட்டையில் எழுதியிருந்தான். அந்த ஒரு வரிக்காகவே அவனைத் தெரிவு செய்தேன். வண்டி நெருங்கும்போது வீதியின் இருபுறமும் இரண்டு இரண்டாக நான்கு சிவப்பு விளக்குகள் மாறிமாறி ஒளிரும். ஒரு சிறு மோட்டார் தடுப்புக்கோலைக் கீழே இறக்கும். எந்த விளக்கு ஒளிர்கிறது என்று பக்கத்திலுள்ள கணினித் திரை எழுத்திற் காட்டும். பலகையை அவனுடைய அக்கா தையல் வேலையிற் சேர்த்த பணத்திலிருந்து வாங்கிக் கொடுத்திருந்தாள்.

வியாழன் மாலை. ஆய்வுகூடத்து லாச்சியிலிருந்த தடையிகளை வேறு மாணவர்கள் எடுத்து முடித்துவிட்டார்கள். பட்டினத்துக் கடை பூட்டியாயிற்று. அவன் இடதுபுறத்து இரண்டு விளக்கையும் ஒன்பதாம் முனையிலும், வலதுபுறத்து இரண்டையும் பத்தாம் முனையிலும் நேரே இணைத்துவிட்டு, "சேர், தடையி இல்லாமற் பரவாயில்லையா?" என்று கேட்டான். கேட்டவன் அவன். எனக்கோ இன்னும் ஏழு காட்சிகளைப் பார்க்கவேண்டிய அவசரம். எட்டிப் பார்த்தேன். நான்கும் அழகாக மாறிமாறி ஒளிர்ந்தன. "எரிகிறதே தம்பி, போதும். மூன்று நாளுக்குத்தானே" என்றேன்.

வெள்ளிக்கிழமை முழுவதும் ஒளிர்ந்தன. சனிக்கிழமை பத்து மணியளவில் முதியவர் ஒருவர் வந்தார். புகையிரத சமிக்கைப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதைப் பின்னர் அறிந்தேன். மற்றவர்கள் தடுப்புக்கோலைப் பார்த்து வியக்க, அவர் விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு என்னை அழைத்தார். இடதுபுற விளக்குகள் இரண்டும் இருண்டிருந்தன. வலதுபுறம் ஒளிர்ந்து அணைகிறது. அணையும் நேரத்தில், இடதுபுறம் ஒளிர வேண்டிய வேளையில், கடவை முழுவதும் இருட்டு. ஆனால் கணினித் திரையில் அப்போதும் "இடது ஒளிர்கிறது, வலது ஒளிர்கிறது" என்று எழுத்து மாறிமாறி வந்துகொண்டேயிருந்தது.

"மாஸ்ரர், இந்தத் திரையில் வருவது நடந்த சங்கதியா, நடக்கச் சொன்ன கட்டளையா?" என்று கேட்டார் அவர்.

எனக்கு நா எழவில்லை. முனை உயர்ந்தது என்று செய்நிரல் நம்புகிறது. செய்நிரல் நம்பியதைத் திரை எழுதுகிறது. விளக்கை எவரும் கேட்கவில்லை. மற்ற விளக்குகள் அணைந்தால் இருட்டுத்தான். அபாய விளக்கு அணைந்தால், "வா, பாதை திறந்திருக்கிறது" என்று சொல்லியதாகிவிடும்.

பையன் நடுங்கிப்போனான். செய்நிரலிற் பிழை என்று எண்ணி உட்கார்ந்து வரி வரியாகப் பார்க்கத் தொடங்கினான். மதிய உணவுக்கும் எழுந்திருக்கவில்லை. மூன்று முறை மாற்றி எழுதினான். நான் பல்மானியை எடுத்து ஒன்பதாம் முனையைத் தொட்டேன். உயர்ந்திருக்க வேண்டிய நேரத்திலும் பூச்சியம். விளக்குகளைக் கழற்றி வேறு முனையில் மெதுவாகத் தொட்டோம், இரண்டும் எரிந்தன. விளக்கிற் பழுதில்லை. செய்நிரலிற் பழுதில்லை. முனை இறந்துவிட்டது. அக்காவிடம் என்ன சொல்லுவது என்று அவன் தனக்குள் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது.

அவனைச் சுற்றி நின்ற ஏழெட்டு மாணவர்கள் கேட்கும்படி, "நீ சரியாகத்தான் கேட்டாய், பிழையான மறுமொழி சொன்னவன் நான்" என்றேன். ஆசிரியத் தொழிலில் இச்சொற்களைச் சொல்லப் பழகுவதற்குப் பயிற்சிக் கல்லூரி எதுவும் வகுப்பு நடத்துவதில்லை. இரண்டு விளக்கை ஒரு முனையில் ஏற்றியதால், தனி விளக்குக்கே மிஞ்சிய சுமை இன்னும் கூடியது என்றும், ஒரு விளக்குக்கு ஒரு தடையி என்பது ஏன் என்றும் அங்கேயே கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். ஒரே தடையியின் பின்னே இரண்டு விளக்கை இணையாகக் கட்டினாலும் குற்றமே. விளிம்பு சற்றுத் தாழ்ந்த விளக்கு மற்றதன் பங்கையும் தானே குடித்துவிடும்.

முதியவர் போகவில்லை. வாங்கிலில் அமர்ந்து, தம் தொழிலில் இதை எவ்வாறு சமாளித்தார்கள் என்று சொல்லத் தொடங்கினார். சமிக்கை விளக்குக்குப் போகும் கம்பியிலேயே ஓர் அஞ்சல்சுருளை வைத்திருப்பார்களாம். விளக்கினூடாக மின்னோட்டம் உண்மையாகவே பாய்ந்தால் மாத்திரம் அச்சுருள் இழுபடும். சிவப்பு விளக்கு இழையறுந்து போனால் சுருள் விழுந்துவிடும். உடனே அதற்கு முந்திய சமிக்கை சிவப்பாகவே நின்று, வருகிற வண்டியை அங்கேயே நிறுத்திவிடும். விளக்குக்குக் கட்டளை கொடுத்தோம் என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. விளக்கு மின்னைக் குடித்ததா என்பதையே கணக்கில் எடுப்பார்கள்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த பையன் தலை நிமிர்ந்தான். "சேர், தடையியை விளக்குக்கு முன்னால் வைக்காமற் பின்னால் வைத்தால்?" என்றான்.

அவன் சொன்னதை விளங்க எனக்கு அரை நிமிடம் பிடித்தது. வாசகர்களுக்கும் விளக்குகிறேன், இது அழகான சங்கதி. முனையிலிருந்து விளக்கு, விளக்கிலிருந்து தடையி, தடையியிலிருந்து புவிமுனை. மின்னோட்டம் ஒரே வழியிற் செல்வதால் தடையி முன்னே நின்றாலும் பின்னே நின்றாலும் அதன் காவல் ஒன்றே. பின்னே நின்றால் இன்னொரு பயன் கிடைக்கிறது. விளக்கு ஒளிர்ந்தால் தடையியின் தலைப்பில் 3 வோல்ற்று நிற்கும். விளக்குப் பழுதானாலும், கம்பி கழன்றாலும், முனை இறந்தாலும் அங்கே பூச்சியம். விளக்கு உள்ளே குறுக்கிட்டுப் போனால் 5 வோல்ற்று. அந்த இடத்திலிருந்து ஒரு கம்பியைப் பலகையின் அளக்கும் முனையொன்றுக்குக் கொண்டுபோனால், செய்நிரல் தன் கட்டளையை நம்பாமல் விளக்கையே கேட்டறியலாம். ஊனோவில் அப்படி அளக்கும் முனைகள் ஆறு உண்டு. எதை நான் வேண்டாம் என்று சொன்னேனோ, அதுவே சாட்சியாக வந்து நிற்கிறது.

மாலையில் அவனையும் அழைத்துக்கொண்டு பட்டினத்தில் வானொலி திருத்தும் ஒருவர் வீட்டுக்குப் போனேன். அவர் தகரப் பெட்டியைக் கவிழ்த்து, பத்துப் பன்னிரண்டு தடையிகளைப் பொறுக்கி எடுத்துக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டார். பலகையில் மற்ற முனைகள் உயிரோடிருந்தன. நான்கு விளக்குக்கும் நான்கு முனை, நான்கு தடையி, நான்கு சாட்சிக் கம்பி. ஒரு முனைக்கு ஒன்பது மில்லியம்பியர். இரவு ஒன்பது மணிக்கு முடித்தோம்.

கடிதம் எழுதிய தாயாருக்கு இன்னும் சில சொல்லவேண்டும். மகன் இணையத்திற் பார்க்கும் படங்களையெல்லாம் ஒன்றென்று நம்பாதிருக்கட்டும். 2023 இல் வந்த ஊனோ நான்காம் பதிப்பு, பழையதைப் போன்ற அதே உருவமும் அதே துளைகளும் கொண்டது. ஆனால் அதன் முனைக்கு எல்லை 8 மில்லியம்பியர்தான். பழைய பலகைக்குப் போட்ட 220 ஓமைப் புதியதிற் போட்டால் எல்லை கடந்துவிடும். 2021 இல் வந்த றாஸ்பெரி பிக்கோ 3.3 வோல்ற்றில் இயங்குவது. முனைகள் எல்லாம் சேர்ந்து 50 மில்லியம்பியருக்கு மேல் தரக்கூடாது. அதில் நீல விளக்கைச் செருகி, மங்கலாக எரிகிறதே என்று பையன் வந்து முறையிட்டால், 3.3 இலிருந்து 3 ஐக் கழித்தால் என்ன மிஞ்சும் என்று மட்டும் கேளுங்கள்.

பழைய நூல்களைப் புரட்டுவானாயின், அங்கே விளக்குகள் தலைகீழாகக் கட்டப்பட்டிருப்பதைக் காண்பான்: முனை தாழ்ந்தால் ஒளிரும், உயர்ந்தால் அணையும். அதுவும் பிழையன்று. 7400 வரிசைப் பழைய சில்லுகள் 16 மில்லியம்பியரை உள்ளே வாங்கும். வெளியே கொடுக்கச் சொன்னாலோ 0.4 தான் கொடுக்கும். வாங்குவதிற் பெருந்தன்மை, கொடுப்பதிற் கஞ்சத்தனம்! 1980 இல் இன்டெல் செய்த 8051 என்னும் நுண்கட்டுப்படுத்திக்கும் அக்குணம் உண்டு. அவற்றோடு வாழ்ந்தவர்கள் அப்படிக் கட்டப் பழகினார்கள்.

பெரிய விளக்கு, நீண்ட விளக்குச் சரம், மோட்டார் என்று ஆசை வளரும்போது முனையைத் தொந்தரவு செய்யாது ஒரு திரான்சிற்றரை அமர்த்திக்கொள்வதே முறை. கொழும்புப் புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமையைப் போன்றது அது. அதிகாரி 4 மில்லியம்பியரில் ஒரு துண்டு எழுதிக் கொடுத்தால் போதும். அதற்கு ஓராயிரம் ஓமில் ஒரு தடையி. சுமையை வேறு வழியால் வரும் மின்னிலிருந்து நாட்டாமை தூக்குவார். ஏழு நாட்டாமைகளை ஒரே உறையில் அடைத்து வைத்த யு.எல்.என். 2003 என்னும் சில்லும் கடைகளிற் கிடைக்கிறது. ஒவ்வொன்றும் 500 மில்லியம்பியர் வரை தாங்கும் என்று எழுதியிருப்பார்கள். அதுவும் எல்லைதான், நாள்தோறும் சுமத்தத்தக்க அளவன்று என்பதை இப்போது வாசகர்கள் தாமே அறிந்துகொள்வீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை முதியவர் மறுபடியும் வந்தார், பேரப்பிள்ளை ஒன்றையும் கையிற் பிடித்துக்கொண்டு. நான்கு விளக்கும் மாறிமாறி ஒளிர்ந்துகொண்டிருந்தன. நேற்றையிலும் சற்று மங்கலாகத்தான். அவர் பையனைப் பார்த்து, "தம்பி, தொடலாமா?" என்று கேட்டார். அவன் தலையசைத்தான். இரண்டு விரலால் இடதுபுற விளக்கொன்றைப் பிடுங்கி எடுத்தார். ஒரு வினாடி சென்றிராது. திரையில் "இடது முதல் விளக்கு இல்லை" என்று எழுத்து வந்தது. வண்டி வருவதற்கு இன்னும் நேரமிருந்தும் தடுப்புக்கோல் தானாகக் கீழே இறங்கிற்று. பேரப்பிள்ளை சிரித்தது. முதியவர் விளக்கை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதில் நேர்ப்பக்கம் எது, நீண்ட காலா?" என்று பையனிடம் கேட்டார். ஆம் என்றதும், கண்ணாடியை மூக்கின்மேல் ஏற்றிக்கொண்டு, அதைத் தாமே திரும்பச் செருகத் தொடங்கினார்.